மூன்றாம் மாடிக்குக் கீழே, இரண்டாம் மாடிக்கு மேலே

“ரெண்டு வேட்பாளரையும் ஒரு பெட்டியில போட்டு, பன்னெண்டு நிமிஷம் வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல தொங்கவிட்டு, எது சரக்கு, எது சக்கைன்னு எடை பார்த்தவன் நான். கையால தொடலை. முதுகாலேயே முடிச்சேன்.”

சொன்னவர் கயிறார். சொன்ன இடம் நகராட்சிக் குடியிருப்பின் கீழ்த்தளம், தபால் பெட்டிகளுக்கு முன்னால். கேட்டவர்கள் மூவர். தபால்காரர் கையிலிருந்த கடிதத்தைத் தவறான பெட்டியில் போட்டார். பல்பு மாற்றிக்கொண்டிருந்த வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் ஏணி ஒரு சாண் நகர்ந்தது. இரண்டாம் மாடி பேக்கரிக்காரர் மட்டும், பெரியவராயிற்றே என்று, முதுகு இப்போது எப்படி இருக்கிறது என விசாரித்தார்.

கயிறு என்பது பட்டப்பெயர். ஆர் என்பது வயதுக்குத் தந்த மரியாதை. முப்பத்தாறு வருஷம் நகராட்சியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பட்டம் கையில் பிடித்த எஃகுக் கயிற்றால் வந்ததா, வாயில் திரித்த கயிற்றால் வந்ததா என்று குடியிருப்பில் இரண்டு கட்சி உண்டு. வாயில் திரித்ததை எல்லாம் முடிச்சுப் போட்டால் நிலா வரைக்கும் போய்த் திரும்பும், மிச்சத்தில் நூறு வீட்டுத் துணி காயப்போடலாம். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில், ஏறின வேகத்தில் லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் போய் நின்றதாக ஒருமுறை சொன்னார். ஒன்பதாவது மாடியில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டதற்கு, கதவு திறந்ததும் காற்று பலமாக அடித்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை என்றார்.

இப்படிப்பட்டவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையை உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் வினையாயிற்று. ஏழு மாதம் முன்பு, குடியிருப்பு லிஃப்டின் கயிற்றில் இழை அறுந்து முள்ளம்பன்றி மாதிரி நிற்பதைப் பார்த்தார். நேரே நகராட்சிக்குப் போய், இனி இதில் பூனைகூட ஏறக் கூடாது என்றார். மறுநாள் காலையே ஆள் வந்து சுவிட்சை அணைத்து அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனான். முத்திரை வைக்க ஒரு பொழுது போதுமாயிருந்தது. புதுக் கயிறு போட ஏழு மாதமாக ஒருவருக்கும் கை வரவில்லை.

ஐந்தாம் மாடியில் அவர் மனைவி, குடியிருப்புக்கே அம்மா. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, நகராட்சி ஒதுக்கிய ஒரு ஷட்டர் கடையில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மெஷின் ஓட்டியவர். கிழிந்ததைச் சேர்ப்பது, நீளத்தைக் குறைப்பது, இறுக்கத்தைப் பிரிப்பது எல்லாம் அவர் கைவேலை. லிஃப்ட் நின்ற அன்று அவர் மேலே இருந்தார். அன்றிலிருந்து மேலேயே இருக்கிறார். ஒரு வருஷம் ஷட்டர் திறக்காத கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நகராட்சி விதியில் ஒரு வரி உண்டு. அந்த வரியைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து செருப்புக்கடைக்காரர் அந்த ஷட்டரை டேப்பால் அளந்துவிட்டுக்கூடப் போனார்.

தூக்கிக்கொண்டு இறங்க ஒரு தடவை முயன்றார்கள். நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து முன்காலைக் கயிறாரும் பின்காலை மச்சானும் பிடித்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து நாலாம் மாடியில் தனியாக இருப்பவர். சாட்சி இல்லாமல் சூரியன் உதித்ததைக்கூட ஒப்புக்கொள்ளாதவர். இரண்டு மாடி இறங்குவதற்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்று இருவருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. வாதத்தின் சூட்டில் மச்சான் ஒரு கையை எடுத்து ஆட்டிப் பேச, கயிறார் பதிலுக்கு இரண்டு கையையும் எடுத்தார். அம்மா எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அந்த இரண்டு மாடியையும் ஒரு மணி நேரத்தில் தானாகவே ஏறிப் போனார். கதவைச் சாத்துமுன், இனி இறங்கினால் லிஃப்டில்தான் இறங்குவேன், இல்லாவிட்டால் ஊர் கூடித் தூக்கும்போது இறங்கிக்கொள்கிறேன் என்றார்.

மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் இருந்த பகை அதற்கு முன்பே முப்பத்தெட்டு வயது ஆனது. கல்யாணத்தன்று கயிறார், தான் ஏழு பாஷை பேசுவதாக மச்சானிடம் சொன்னார். மச்சான் மற்ற ஆறையும் பேசிக்காட்டச் சொன்னார். அதிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் ‘நீங்க’ போட்டே திட்டிக்கொள்வார்கள். மரியாதைதான் அவர்களிடம் இருந்த கடைசி ஆயுதம்.

அந்த நிலைமையில்தான் வார்டு தேர்தல் வந்தது. ஒரு பக்கம் பஸ் முதலாளி. பதினாலு பஸ், நூற்றுப்பத்து கிலோ, அடைப்பானில்லாத தொண்டை. இன்னொரு பக்கம் மருந்துக்கடையம்மா. ஒல்லியான உடம்பு, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எதைக் கேட்டாலும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளும் பழக்கம். லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் வார்டு உறுப்பினருக்கு. ஆகவே யார் ஜெயிப்பது என்பது கயிறார் வீட்டில் அரசியல் இல்லை, மனைவியின் முழங்கால்.

நகராட்சிக் கட்டிடத்தின் ஆறாம் மாடி அரங்கத்தில் இரண்டு வேட்பாளரையும் எதிரெதிரே நிறுத்தி விவாதம் நடத்தினார்கள். கயிறாரும் மச்சானும் தனித்தனி பஸ்ஸில் போய் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், திட்ட வசதியாக. குடியிருப்பு லிஃப்டைப் பற்றிய கேள்விச் சீட்டைக் கயிறார்தான் போட்டார். பஸ் முதலாளி எழுந்து, லிஃப்ட் என்ன லிஃப்ட், அந்தக் கட்டிடத்தையே கீழே இறக்கிக் கொடுக்கிறேன் என்றார். ஜன்னல் கண்ணாடி அதிரக் கைதட்டல். மருந்துக்கடையம்மா, என்ன பழுது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியும் என்றார். யாரோ இருமினார்கள்.

விவாதம் முடிந்து கூட்டம் கலையும்போது நடைபாதையிலேயே எடை போடுவது ஆரம்பித்தது. கயிறாரிடம் அதற்கு ஒரு தராசு இருந்தது. ஆளும் லிஃப்டும் ஒன்று, மூன்று விஷயம் பார்த்தால் போதும் என்பார். கிளம்பும்போது உதறக் கூடாது. பாரம் ஏறினால் இழுக்க வேண்டும். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பஸ் முதலாளி கிளம்பிய அழகைப் பார்த்தீர்களா, ஒரு உதறல் உண்டா என்று கேட்டார்.

மச்சான் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். கோர்ட்டு எழுத்தில் இரண்டு பத்தியாக இருவரின் வாக்குமூலமும் இருந்தது. பஸ் முதலாளி நாற்பது நிமிஷத்தில் பதினேழு வாக்குறுதி கொடுத்திருக்கிறார், அதில் நாலு ஒன்றுக்கொன்று முரண், ஒன்று பூகோளத்துக்கே முரண் என்றார். மருந்துக்கடையம்மா கொடுத்தது இரண்டு. இரண்டுக்கும் கணக்கு இருந்தது.

அந்த அம்மாவிடம் குறையே இல்லையா என்று கயிறார் மடக்கினார். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை, கேமரா எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை, ஓட்டுக் கேட்டு வந்த வீட்டில் உப்பைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்றார். மச்சான் குறியைக் கயிறார் பக்கமே திருப்பினார்.

“குரல் பெருசா இருந்தா போதும்னா மாப்ளே, நீங்க இந்நேரம் ஜனாதிபதி.”

“சாட்சி கேட்டே காலத்தைக் கழிச்சீங்களே மச்சான், உங்க வாழ்க்கைக்கு ஒரு சாட்சி உண்டா?”

இந்தச் சொல் எல்லை மீறியது என்று சொன்னவருக்கே தெரிந்தது. ஆனால் அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அந்த லிஃப்டைக் கயிறார் பதினெட்டு வருஷம் பராமரித்தவர். பெற்ற பிள்ளைக்குத் தெரியாத ரகசியங்கள் அவருக்கும் அதற்கும் இடையில் இருந்தன. முதல் ரகசியம், அதன் பாரமணி. பத்து பேர் ஏறலாம் என்று பலகை சொல்லும். எட்டாவது ஆள் காலை வைத்ததுமே மணி அடிக்கும், கதவு மூடாது. ஓய்வு பெறும் வருஷத்தில், இருபது கிலோ இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி எண்ணி மணியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மச்சான் ஏதோ வேலையாக அங்கே வந்து சண்டை பிடித்தார். சண்டையில் கணக்குத் தப்பி, ஒரு வரிசைக் கட்டி நடைபாதையிலேயே நின்றுபோனது. வெளியே சொன்னால் மானம் போகும் என்று கயிறார் அதை அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டாவது ரகசியம் கதவு. அடி தேய்ந்த கதவு அது. ஓடும்போது முதுகை ஒரு விரல்கடை சாய்த்தால் போதும், உள்ளே கரண்டு தொடுப்பு விட்டுப்போய் லிஃப்ட் நின்றுவிடும். நிமிர்ந்து பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும்.

இருவரும் உள்ளே போனதுமே பின்னால் புயல் நுழைந்தது. கீழே வாசலில் டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள். முதலில் போய்ச் சேர்கிறவர் முகம்தான் செய்தியில் வரும். பஸ் முதலாளி இரண்டு ஆட்களோடு, மருந்துக்கடையம்மா இரண்டு ஆட்களோடு. எட்டு பேர். மணி அலறியது. ஒருவர் இறங்க வேண்டும் என்று கயிறார் அறிவித்தார். முதலாளி மருந்துக்கடையம்மாவின் ஆட்களைப் பார்த்தார். அந்த அம்மா முதலாளியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, தன் ஆட்கள் இருவரையும் படிக்கட்டில் வரச் சொன்னார். அவர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் முதலாளி தன் ஆட்களையும் பின்னாலேயே ஓடவிட்டார். கதவு மூடியது. உள்ளே நாலே பேர்.

மூன்றாம் மாடி தாண்டியதும் கயிறார் முதுகைச் சாய்த்தார்.

அரை நிமிஷம் நிறுத்தி, பெரிய மனிதர்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு விடுவதுதான் அவர் திட்டம். அந்த அரை நிமிஷம் அவருடைய கணக்கு. மிச்சம் பதினொன்றரை நிமிஷம் மச்சானுடையது. ஏனென்றால் பெட்டி நின்று விளக்கு மங்கியதும், முப்பது வருஷம் கொலைக் கேஸ்களைக் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிய மனிதரின் முகம் வெள்ளைத் தாள் ஆனது. மூச்சு முட்டியது. கயிறாரின் சட்டைப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு உடம்பையும் அவர்மேல் சாய்த்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். கயிறார் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். நிமிர முடியவில்லை. நிமிராமல் லிஃப்ட் நகராது. நகராமல் மச்சான் விடமாட்டார்.

“மாப்ளே, விட்டுராதே,” என்றார் மச்சான். “என்னை விட்டுராதே, மாப்ளே.”

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ‘நீங்க’ கழன்று விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இனி எடை. பஸ் முதலாளி எல்லாப் பொத்தானையும் ஒரே சமயத்தில் அமுக்கினார். கதவை உதைத்தார். அந்தப் பெரிய தொண்டையைத் திறந்து கத்தினார். சத்தம் நாலு சுவரிலும் முட்டி அவர் காதுக்கே திரும்பியது. பிறகு பேச்சே நின்றுபோனது. பிறகு வாக்குறுதி பொங்கியது. கயிறார் பழைய மெக்கானிக் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியவரே, எப்படியாவது இறக்கிவிடுங்க. உங்க குடியிருப்பு லிஃப்டு பத்தே நாள்ல ஓடும். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

மருந்துக்கடையம்மா முதலில் அவரை அமைதியாக இருக்கச் சொன்னார், கத்தினால் உள்ளே இருக்கிற காற்றுதான் சூடாகும் என்றார். பிறகு தரையில் முட்டி போட்டு மச்சானின் நாடியைப் பிடித்தார். என்னோடு எண்ணுங்கள், நாலு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள் என்றார். கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டார். எண்ணிக்கைக்கு நடுவே, தலையைத் திருப்பாமலேயே, உங்கள் குடியிருப்பு லிஃப்டுக்கு என்ன பழுது என்று கயிறாரைக் கேட்டார். கயிறு நாலும் மாற்ற வேண்டும், கப்பியில் பள்ளம் விழுந்திருக்கிறது, பிறகு சோதனை என்று கயிறார் சொல்லச் சொல்ல, விவாதக் குறிப்பின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

“மூணு மாசம் ஆகும்,” என்றார் மருந்துக்கடையம்மா. “அதுக்குக் குறைச்சுச் சொன்னா அது பொய்.”

பொய்யிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர் கயிறார். உண்மை எதிரே வந்தால் அவருக்கு வாசனையிலேயே தெரியும். தன் தராசை எடுத்துப் பார்த்தார். கிளம்புவதில் முதலாளி முந்தினார்தான். பாரம் ஏறியதும் இழுத்தது யார், நின்ற இடத்தில் நின்றது யார் என்பதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

நாற்பதாவது மூச்சில் மச்சானின் பிடி தளர்ந்தது. தளரும் முன் கடைசியாக ஒரு இழுப்பு. டர்ரென்று பாக்கெட் கையோடு வந்தது. கயிறார் நிமிர்ந்தார். பொத்தானை அமுக்கினார். கீழே காத்திருந்தவர்கள், தலைவர்கள் நடுமாடியில் யாரோடோ பேசி நின்றுவிட்டதாக நினைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் பஸ் முதலாளி தலையைச் சீவிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் போய்த் துணிச்சலைப் பற்றிப் பேசினார். மருந்துக்கடையம்மா மச்சானுக்குத் தண்ணீர் தேடிப் போனதில் டிவிக்காரர்கள் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

இதைத்தான் மறுநாள் காலை தபால் பெட்டிகளுக்கு முன்னால் கயிறார், கொஞ்சம் மசாலா சேர்த்து, சொல்லிக்கொண்டிருந்தார். மச்சானின் அழுகையை மட்டும் சொல்லவில்லை. பகையிலும் ஒரு அளவு உண்டு. அப்போது மச்சானே படியிறங்கி வந்தார். வாட்ச்மேன் ஏணியிலிருந்தபடியே, நீங்களும் அந்த லிஃப்டில் இருந்தீர்களாமே, நின்றதா என்று கேட்டார்.

மச்சான் பெட்டியைத் திறந்து தபாலை எடுத்தார். பூட்டினார். சாவியைப் பையில் போட்டார்.

“ஆறுல ஏறினோம். கீழே இறங்கினோம். நடுவுல ஒண்ணும் நடக்கலை.”

அவ்வளவுதான். மச்சான் குடியிருப்புக்குக் கோர்ட்டார். கோர்ட்டார் சொன்னால் அது கல்வெட்டு. கயிறார் சொன்னால் அது காற்று. குடியிருப்பு முழுக்க ஒரே நாளில் தீர்ப்பாகிவிட்டது. கயிறார் நேரே மருந்துக்கடைக்குப் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டார். தன்னிடம் வருகிறவர்களின் நோயை வெளியே சொல்லும் வழக்கம் தனக்கு இல்லை, அதை வைத்து ஓட்டுப் பொறுக்குவது சுத்தமாக இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அவருடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு கயிறார் திரும்பினார்.

அன்று மாலை ஐந்தாம் மாடிச் சமையலறையில் இரண்டாவது எடை. தினமும் மச்சான் தங்கை கையால் காப்பி குடிக்க ஒரு மாடி ஏறி வருவார். கயிறார், என் ஓட்டு இனி உங்கள் மருந்துக்கடையம்மாவுக்குத்தான் என்றார். மச்சான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏன் மாறினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் அந்த லிஃப்டுக்குள் இருந்தது. அந்த லிஃப்டோ நிற்கவே இல்லை என்று அவர் சாட்சி சொல்லியாயிற்று. ஆகவே, காரணமில்லாமல் கட்சி மாறுகிறவரின் ஓட்டு தன் வேட்பாளருக்குத் தேவையில்லை என்று கோபப்பட்டார். உங்கள் வேட்பாளரைப் புகழக்கூட உங்களுக்கு வாய் வரவில்லையே என்று கயிறார் குத்தினார். ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடப்போகிற இருவர், ஊர் கேட்கச் சண்டை போட்டார்கள்.

அம்மா இதில் எதிலும் கலக்கவில்லை. கணவரின் கிழிந்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணன் போன பிறகு சொன்னார்:

“ஏங்க, ஆணியில மாட்டிக் கிழிஞ்சா ஒரு மூலைதான் போகும். இது ரெண்டு மூலையும் ஒரே இழுப்புல வந்திருக்கு. யாரோ தொங்கியிருக்காங்க.”

கயிறார் காப்பி டம்ளர்களைக் கழுவப் போனார். அம்மா அந்தச் சட்டையைத் தைக்காமல் சமையலறைக் கொக்கியில் மாட்டினார். மறுநாள் காப்பிக்கு வந்த மச்சான் வழக்கமான நாற்காலியை விட்டு, கொக்கிக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

தேர்தலில் மருந்துக்கடையம்மா பத்தொன்பது ஓட்டில் தோற்றார். குடியிருப்பில் மட்டும் மொத்தம் எண்பது ஓட்டு உண்டு. கயிறார் வீடு வீடாகப் போய் மருந்துக்கடையம்மாவுக்கு ஓட்டுக் கேட்டிருந்தார். அவர் சொன்னதற்காகவே பாதிப்பேர் பஸ் முதலாளிக்குக் குத்தினார்கள். அந்தப் பத்தொன்பதை மச்சான் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அதற்குப் பிறகு நோட்டைத் திறக்கவில்லை.

பத்து நாள் போயிற்று. முப்பது நாள் போயிற்று. லிஃப்ட் நின்று ஒன்பது மாதம் நிறைந்தது. கடைக்கு மிச்சம் மூன்று மாதம். கயிற்று வேலைக்கு வேண்டியதும் மூன்று மாதம். இன்று கையெழுத்து விழாவிட்டால் ஷட்டர் செருப்புக்கடைக்காரருக்கு என்று கயிறாருக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்தது.

அன்றுதான் பஸ் முதலாளி நன்றி சொல்ல வந்தார். கூடவே நகராட்சி இன்ஜினீயர், கக்கத்தில் கோப்பு. குடியிருப்பே கீழ்த்தளத்தில், செத்த லிஃப்டுக்கும் மூடின தையல் கடைக்கும் நடுவில் கூடியிருந்தது. மச்சான் தபால் பெட்டி ஓரமாக, யாருக்கும் பக்கத்தில் இல்லாமல் நின்றார். படிக்கட்டுக் கிணற்றின் உச்சியில், ஐந்தாம் மாடிக் கைப்பிடியில் அம்மாவின் முகம் சின்னதாகத் தெரிந்தது.

கயிறார் நடுவில் போய் நின்று, பத்து நாள் என்று சத்தியம் செய்தீர்களே என்று கேட்டார். முதலாளி சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. எந்த லிஃப்ட், எந்தச் சத்தியம் என்றார் முதலாளி. பெரியவர் சொன்ன ஒன்பதாவது மாடிக் கதையைத் தன் டிரைவர்கள்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார். கூட்டத்தின் சிரிப்பு அவருக்கு ஏறிவிட்டது.

“ஒரு சாட்சி கொண்டாங்க பெரியவரே. ஒரே ஒருத்தர். இந்தா இன்ஜினீயர், இந்தா கோப்பு. இப்பவே, இந்த இடத்துலேயே கையெழுத்து போடுறேன்.”

கயிறார் மச்சானைப் பார்த்தார். பார்த்த முகத்தில் கிண்டல் இல்லை. அது அவருக்கே புதிதாக இருந்தது. மச்சான் தபால் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேலேயிருந்து காய்கறி ஏற்றும் கூடை இறங்கியது. அம்மா விட்ட கயிறு. நாலாம் மாடி, மூன்றாம் மாடி என்று அவசரமில்லாமல் இறங்கி, மச்சானின் மார்புக்கு நேரே வந்து நின்றது. உள்ளே மடித்துவைத்த ஒரு சட்டை. அதன்மேல் தனியாக ஒரு பாக்கெட். பாக்கெட்டில் குத்திவைத்த ஊசி, நூல் கோத்தபடி.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குத் துணி தைக்க ஆள் வேண்டுமோ என்று வாட்ச்மேன் கேட்டார். மச்சான் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அவ்வளவு உயரத்தில் தங்கையின் முகத்தில் என்ன இருந்தது என்று தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு பாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் வந்தார்.

“எழுதிக்கோங்க,” என்றார் இன்ஜினீயரிடம். ஆயிரம் பேர் சத்தியம் செய்வதைக் கேட்டு எழுதிய மனிதர் முதல்முறையாக வலது கையை உயர்த்தினார். “விவாதம் முடிஞ்சு, சாயங்காலம் நாலு முப்பத்தஞ்சு. லிஃப்டு நின்னுச்சு. மூணாவது மாடிக்குக் கீழே, ரெண்டாவது மாடிக்கு மேலே. இவர் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணி, பத்து நாள்னு சொன்னார். நான் கேட்டேன்.”

முதலாளி, அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று இந்தக் கோர்ட்டாரே சொன்னாராமே என்றார்.

“சொன்னேன். பொய் சொன்னேன்,” என்றார் மச்சான். “பயந்து தரையில உட்கார்ந்து அழுதேன். இந்தச் சட்டையைப் பிடிச்சுத் தொங்கினேன். அதை மறைக்கத்தான் சொன்னேன்.” கிழிந்த பாக்கெட்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். இன்ஜினீயர் கோப்பைத் திறந்து, பேனாவை முதலாளி பக்கம் நீட்டினார். பிறகு கயிறார் பக்கம் திரும்பினார். பழைய எரிச்சல் குரலுக்குத் திரும்பியிருந்தது.

“ஒன்பதாவது மாடி பொய், மாப்ளே. அதை நான் சாகுறவரைக்கும் ஒத்துக்க மாட்டேன். இது நடந்துச்சு.”